5. தக்காளி விலை கேட்கும் வேகம்

மேட்டுப்பாளையம் ரோட்டில் காலை ஐந்தரை மணிக்கு ஓடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வாய் பிளந்திருக்கும். தோள் இரண்டும் காதைத் தொடப் பார்க்கும். காலடி ஒவ்வொன்றும் தார் ரோட்டில் தொப் தொப்பென்று விழும். பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் நின்றுவிட்டால் வேகம் இன்னும் கூடும். இவர்களில் பலரை இரண்டு மாதம் கழித்து அங்கே பார்க்க முடியாது. விசாரித்தால், "முட்டி வலிங்ணா, ஓட்டமெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க" என்று பதில் வரும். பழி முட்டியின் மேல். தப்பு செய்தது வேகம்.

உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே நாளில் ஓட்டத்துக்குப் பழகுவதில்லை. ஓட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும், இருதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும், மூச்சு வாங்குவது குறையும். தசைக்குச் சில வாரம் போதும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணுக்கு, நம் ஊரில் பொதுவாக நரம்பு என்று சொல்கிறோமே அதற்கு, மாதங்கள் ஆகும். எலும்பு எல்லாவற்றையும்விட மெதுவு. புதிய சுமை விழுந்ததும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கும், பிறகுதான் புதியதைக் கட்டும். அந்தச் சுற்று முடிய மூன்று நான்கு மாதம் பிடிக்கும். நடுவில் இருக்கும் வாரங்களில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். மூச்சு "இன்னும் போலாம்" என்று சொல்லும் இரண்டாம் மாதத்தில் கணைக்கால் எலும்பு பாதி வேலையில் நிற்கிறது. புதிதாக ஓட வருகிறவர்கள் அந்த மாதத்தில்தான் அதிகம் விழுகிறார்கள்.

ஆகவே மூச்சின் பேச்சைக் கேட்டு வேகத்தைக் கூட்டாதீர்கள். எலும்புக்கும் நரம்புக்கும் அவகாசம் கொடுக்கும் வேகம் எது என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

எது என் வேகம்?

ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் இதைக் கேளுங்கள்: "ஏனுங்ணா, நேத்து சந்தைல தக்காளி கிலோ என்ன வெலைங்க, மழைக்கு ஏறிப்போச்சுங்களா?" நடுவில் மூச்சு வாங்காமல் முழுசாகக் கேட்க முடிந்தால் அது உங்கள் சுலப ஓட்ட வேகம். "தக்காளி" என்ற இடத்தில் நின்று மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். பதில் சொல்லும் அண்ணனுக்கும் இதே சோதனைதான். அவர் விலையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவருக்கும் வேகம் அதிகம். தனியாக ஓடுபவர் தனக்குத் தானே பேசிக்கொள்ளலாம். ஊர் என்ன நினைக்கும் என்ற கவலை இருந்தால் முணுமுணுத்தால் போதும்.

இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு தொழிலால் செருப்பு செய்பவர். அவரிடம் பயிற்சி பெற்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். 800 மீட்டர் ஓடுகிற ஸ்னெலையே வாரம் 160 கிலோமீட்டர் வரை நெடுந்தூரம் ஓட வைத்தவர் லிடியார்டு. பிற்பாடு ஆக்லாந்தில் நடுவயதுக்காரர்களையும் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களையும் அவர் ஓட வைத்தபோது கையாண்ட முறை, பேசிக்கொண்டே ஓடுவது. நார்வேயில் பணிபுரியும் ஸ்டீபன் சைலர், உலகத்தர நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் சுலப வேகத்தில் நடப்பதைக் காட்டினார். நம்மில் பலர் வாரத்தில் மூன்று நாள் ஓடி, மூன்று நாளும் நடுத்தர வேகத்தில் மூச்சிரைக்கிறோம். அந்த நடு வேகம், களைப்பைக் கொடுக்கும் அளவுக்கு வேகம், முன்னேற்றம் கொடுக்கும் அளவுக்கு வேகமில்லை. என் கணக்கில் இருப்பதிலேயே உதவாத வேகம் அதுதான்.

எண்ணில் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சமீபத்தில் 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓடினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம். உங்கள் சுலப ஓட்டம் கிலோமீட்டருக்கு 7:00 முதல் 7:45 வரை இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை செய்யும் வேக ஓட்டம் 6:00 முதல் 6:15 வரை. அதாவது முழு முயற்சியில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக் கூடிய வேகம். அதைப் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு துண்டு ஓடினால் போதும். பந்தய நேரத்தைக் கணிக்க, அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-ல் கொடுத்த சூத்திரம் இன்றைக்கும் பயன்படுகிறது: தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். இதன்படி 60 நிமிடப் பத்துக் கிலோமீட்டர்க்காரருக்கு அரை மாரத்தான் 2 மணி 12 நிமிடம், முழு மாரத்தான் 4 மணி 36 நிமிடம். முழு மாரத்தான் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அதற்குரிய நீள ஓட்டங்களை மாதக்கணக்கில் செய்தவருக்குத்தான் அது பொருந்தும். மற்றவர்களுக்கு 30-வது கிலோமீட்டருக்கு மேல் சூத்திரம் கைவிட்டுவிடும்.

கையில் வாட்ச் கட்டியிருப்பவர்கள் நாடித்துடிப்பைப் பார்ப்பார்கள். 208-லிருந்து வயதின் 0.7 பங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு ஏறக்குறைய வரும். 40 வயதுக்கு 180. அதில் 70 முதல் 75 சதவீதம், அதாவது 126 முதல் 135 வரை சுலப ஓட்டம். ஆனால் மணிக்கட்டில் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் வாட்ச்கள் சில நேரம் காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டிவிடும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. வாட்சும் தக்காளியும் வேறு வேறு பதில் சொன்னால் தக்காளியை நம்புங்கள்.

முதல் மாதம் சுலப வேகத்துக்கு இறங்கினால் பலருக்கு அது ஓட்டமாகவே தோன்றாது. சிலர் ஏற்றத்தில் நடக்க வேண்டியிருக்கும். நடங்கள். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போவதில் ஒரு குறைச்சலும் இல்லை. இன்னொன்று, குழு. நம்மூர் ஓட்டக் குழுக்களில் மாமன், மச்சான், தம்பி என்று சேர்ந்து போவது நல்ல பழக்கம்தான், நாலரை மணிக்கு எழுப்பிவிட ஆள் இருக்கும். ஆனால் குழுவின் வேகத்தைத் தீர்மானிப்பது எப்போதும் அதிலுள்ள வேகமான ஆள். அவருக்குச் சுலபம், உங்களுக்குப் பந்தயம். "நீங்க போங்க மாப்ள, நான் பின்னால வரேன்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

நம் ரோடு, நம் மலை

பெரியநாயக்கன்பாளையத்தில் ஓடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இறக்கம். கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி மலை ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையம் நிலையம் சுமார் 326 மீட்டர்தான். அதாவது காரமடைப் பக்கம் வடக்கே ஓடினால் ரோடு மொத்தத்தில் இறங்கிக்கொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாத இறக்கம். "இன்னிக்கு நல்லாப் போகுதே" என்று தோன்றும். திரும்பும்போது வெயிலும் ஏறியிருக்கும், ரோடும் ஏறும். அதனால் நீள ஓட்டத்தில் முதலில் தெற்கே துடியலூர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்புங்கள், அல்லது வடக்கே போகும்போது வேண்டுமென்றே கிலோமீட்டருக்கு 15 வினாடி மெதுவாகப் போங்கள்.

மெயின் ரோட்டில் ஓடியே ஆகவேண்டும் என்றால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் ஓடுங்கள். லாரியும் பஸ்ஸும் ஓடும் ரோடு அது. காதில் இயர்போன் கூடாது. ஆனால் மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் ஓரம் சரிந்திருக்கும். எப்போதும் வலது ஓரத்திலேயே ஓடினால் வலது கால் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தாழ விழும். இடுப்பு அதற்கேற்பச் சாயும், முட்டியின் வெளிப்பக்கம் வலி எடுக்கும். முட்டி வலி என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த ரோட்டில், எந்த ஓரத்தில் ஓடுகிறீர்கள் என்பதுதான். வாரத்தில் பாதி ஓட்டங்களையாவது மண் தரைக்கு மாற்றுங்கள். இந்த ஊரில் 1930-ல் தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இருக்கிறது, அதன் மாருதி உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. உடற்கல்வி படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. காசு கொடுத்து ஆன்லைனில் பயிற்சி அட்டவணை வாங்குவதற்கு முன் அவர்களில் ஒருவரிடம் நீங்கள் ஓடுவதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நகரத்துக்குப் போனால் ரேஸ் கோர்ஸ் சுற்று இருக்கிறது, நேரு ஸ்டேடியத்தில் 400 மீட்டர் சிந்தெடிக் டிராக் இருக்கிறது. டிராக்கில் ஒரு எச்சரிக்கை: 400 மீட்டர் என்பது உள்பாதைக்கு மட்டும். எட்டாவது பாதையில் ஒரு சுற்று 453 மீட்டர் ஆகும். அதைத் தெரியாமல் நேரம் பார்த்து மனம் உடைந்தவர்கள் உண்டு.

மேற்கே பாலமலை. அரங்கநாதர் கோயிலுக்கு ஏறும் மலைப்பாதையைப் பார்த்தால் ஓட்டக்காரனுக்குக் கால் துறுதுறுக்கும். ஏறுவது நல்லது, காலுக்கு வலு சேர்க்கும், பாதம் தரையில் அறையும் வேகமும் குறைவு. ஆபத்து இறங்கும்போது. இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது, நுண்கிழிசல்கள் அதில்தான் உண்டாகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது தெரியும். ஓடி ஏறுங்கள், நடந்து இறங்குங்கள்.

அதைவிட முக்கியமானது யானை. கோவை வனக்கோட்டத்தில் பெரியநாயக்கன்பாளையம் ஒரு தனி வனச்சரகம். பாலமலை அடிவாரம், நாயக்கன்பாளையம், கோவனூர்ப் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உள்ள இடம். வாழையும் சோளமும் விளைந்து நிற்கும்போது இரவில் தோட்டத்துக்குள் வந்து, விடியும் நேரத்தில் காட்டுக்குத் திரும்பும். நாம் ஓடக் கிளம்பும் நேரமும் அதுதான். அடிவாரப் பக்கம் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, ஆளோடு ஆளாக, காதில் எதுவும் இல்லாமல் போங்கள். தோட்டத்துக்காரரிடமோ டீக்கடையிலோ "ராத்திரி வந்துச்சுங்களா?" என்று கேட்காமல் போகாதீர்கள். வந்தது என்றால் அன்றைக்கு ஊருக்குள்ளேயே ஓடுங்கள். ஓட்டப் பயிற்சியால் யானையை முந்தலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதைப் பார்த்தபடி மெதுவாக நடங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள்.

மாதக் கணக்கு

கோயமுத்தூர் மாரத்தான் 2013-ல் தொடங்கியது, கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடத்தப்படுவது. சமீப ஆண்டுகளில் வழக்கமாக டிசம்பரில் வருகிறது. அதை மனதில் வைத்துப் பின்னோக்கி எண்ணினால் சித்திரை, வைகாசி வெயிலில் எதையும் சாதிக்க வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள், குறைந்த தூரம், வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வெயிலில் தோலுக்கும் ரத்தம் போகவேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இருதயம் கூடுதலாக அடிக்கும். ஏப்ரல் நேரத்தை டிசம்பர் நேரத்தோடு ஒப்பிட்டு வருத்தப்படுவது வீண். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும். அப்போது எதிர்காற்றில் கிளம்பி, காற்றோடு திரும்புங்கள். வியர்த்த உடம்போடு கடைசியில் எதிர்காற்று வாங்குவதைவிட அது மேல். தூரத்தைக் கூட்டும் காலம் ஆடி முதல் ஐப்பசி வரை. ஐப்பசி மழையில் ஒன்றிரண்டு ஓட்டம் போனால் போகட்டும், அதை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடித் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

எவ்வளவு கூட்டலாம்? வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதியை எல்லா ஓட்டக்காரர்களும் சொல்வார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் அதைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். புதிதாக ஓடுபவர்களில் ஒரு குழு 13 வாரத்தில் மெதுவாகக் கூட்டியது, இன்னொரு குழு 8 வாரத்தில் வேகமாகக் கூட்டியது. இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். வாரக் கணக்கு அவ்வளவு பெரிய காவல் இல்லை. 2025-ல் வெளியான டென்மார்க் ஆய்வு, 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பார்த்துவிட்டு வேறோர் இடத்தைக் காட்டுகிறது: கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் தாண்டும்போதுதான் காயம் கூடுகிறது. பழக்கத்தில் இதைத்தான் நாமும் பார்க்கிறோம். வாரமெல்லாம் ஓடாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சேர்ந்து எட்டிலிருந்து பதினைந்துக்குத் தாவுகிறவர்தான் திங்கட்கிழமை நொண்டுகிறார். ஆகவே நீள ஓட்டம் 10 கிலோமீட்டர் என்றால் அடுத்தது 11. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள்.

இங்கே ஆலையிலும் பட்டறையிலும் ஷிப்ட் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நின்றால் அதுவும் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் சுமைதான், எந்த ஆப்பும் அதை எண்ணிக் காட்டாது. நைட் ஷிப்ட் வாரத்தில் வேக ஓட்டம் வேண்டாம், நீள ஓட்டமும் வேண்டாம். தூங்கி எழுந்து சாயங்காலம் அரை மணி நேரம் சுலபமாக ஓடினால் போதும். ஷிப்ட் முடிந்த கையோடு, தூங்காமல் ஓடப் போகவே கூடாது.

வலி பேசும் விதம்

முதலில் ஒரு பயத்தைக் களைவோம். ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டில் அப்பத்தாவிலிருந்து எல்லோரும் சொல்வார்கள். 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், உடம்புக்காக ஓடுகிறவர்களில் முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். மிதமாக ஓடுவது மூட்டைக் கெடுப்பதில்லை. தமிழகத்தின் சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் 2004-ல் விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர், சர்க்கரை நோயும் உள்ளவர். பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடினார். எல்லோரும் அவர் மாதிரி ஓடத் தேவையில்லை, "முட்டி போச்சு" என்று அவசரப்பட்டு முடிவுகட்டவும் தேவையில்லை.

எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது? வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று உங்களையே கேளுங்கள். மூன்று வரை என்றால், ஓட ஓட அது கூடாமல் இருந்தால், மறுநாள் காலை பழையபடி ஆகிவிட்டால் ஓடலாம். மூன்றைத் தாண்டினால், நடை மாறினால், மறுநாள் கூடினால் நிறுத்திவிடுங்கள். நொண்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை வீரம் என்று யாரும் கணக்கில் எழுதப்போவதில்லை.

கணைக்காலின் உள்பக்க எலும்பு ஓரம் வலிப்பது புதியவர்களுக்கு அடிக்கடி வரும். விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவி வலித்தால் அது பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் அதில் ஒட்டிய தசையும் எரிச்சல்பட்டது. தூரத்தைப் பாதியாக்கி, மண் தரைக்கு மாறி, இரண்டு மூன்று வாரம் பார்க்கலாம். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், ஒற்றைக்காலில் குதிக்கும்போது அதே இடத்தில் குத்தினால், ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். இந்த வலியோடு சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொள்ளாதீர்கள். தசைப்பிடிப்புக்கு நீவுவது இதமாக இருக்கும், விரிசல் விட்ட எலும்பை அழுத்தி நீவுவது கெடுதல்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. ஓட்டம் கூடக்கூடச் சாப்பாடு கூடாமல் இருந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். பயிற்சி நன்றாக நடக்கிறது என்பதற்கு அது அடையாளமில்லை. எலும்பு சத்திழக்கிறது என்பதற்கு அடையாளம். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர் காரணமில்லாமல் களைத்துப்போனால் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

முட்டிச்சில்லைச் சுற்றி, மாடிப்படி இறங்கும்போதும் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழும்போதும் வலித்தால், அநேகமாகத் தொடையும் புட்டத்தசையும் வலுவில்லாமல் இருக்கும். அதோடு எட்டு எட்டாக நீட்டி வைத்து ஓடும் பழக்கமும் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை காலடி என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 150 என்றால் அதை 160 ஆக்குங்கள்; வேகத்தைக் கூட்டாமல் அடியைச் சின்னதாக்க வேண்டும். ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முட்டியில் விழும் சுமை குறைவது சோதனையில் தெரிந்திருக்கிறது. எல்லோரும் 180 வைத்தாக வேண்டும் என்பது பரவிப்போன ஒரு பேச்சு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் எண்ணியது பந்தயத்தில் பறந்த வீரர்களின் காலடியை. அந்த எண் நம் சுலப ஓட்டத்துக்குச் சட்டம் ஆகாது.

குதிகால் நரம்பு காலையில் எழுந்ததும் விறைத்துக்கொண்டு வலித்தால் ஓய்வு மட்டும் போதாது, அதற்குச் சுமை வேண்டும். சுவீடனின் ஹாகன் ஆல்ஃபிரெட்சன் 1998-ல் வெளியிட்ட பயிற்சிக்கு வீட்டு வாசற்படி போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நேராக வைத்து 15 தடவை மூன்று முறை, லேசாக மடக்கி 15 தடவை மூன்று முறை, காலையும் மாலையும், 12 வாரம். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பொறுமை இல்லாதவர்கள் நான்காவது வாரத்தில் விட்டுவிட்டு, ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்புகிறார்கள்.

வராமல் தடுக்க வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம், இதே வாசற்படியும் சுவரும் போதும்: குதிகால் உயர்த்தல், ஒற்றைக்கால் உட்கார்ந்தெழுதல், படுத்துக்கொண்டு இடுப்பை உயர்த்தல். ஓடுவதற்கு முன்னால் நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடித்து நீட்டுவதைவிட ஐந்து நிமிடம் வேகமாக நடப்பது மேல்.

ஷூ விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போட்டு நடந்து பார்க்கும்போதே சௌகரியமாக இருப்பதை வாங்குங்கள், அரை அங்குலம் முன்னால் இடம் இருக்கட்டும், 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். வெறுங்காலில் ஓடிப் பெயர் பெற்ற சிவநாத் சிங் 1978-ல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் முடித்தார் என்பது உண்மைதான். அவர் சின்ன வயதிலிருந்தே வெறுங்காலில் ஓடியவர். நாற்பது வயதுவரை ஷூ போட்டவர் திடீரென்று கழற்றி எறிந்தால் கெண்டைக்கால் சும்மா விடாது.

தண்ணீரும் சாப்பாடும்

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தனியாக எதுவும் வேண்டாம். அதற்கு மேல் போனால் தாகத்துக்குக் குடியுங்கள், கணக்கு வைத்து வயிறு முட்டக் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். நீள ஓட்டத்தன்று உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முன் ஒரு பழம், பிறகு கம்பங்கூழோ ராகிக் களியோ, கூடவே பருப்போ முட்டையோ. கடலை மிட்டாய் நல்ல சாப்பாடு, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது வாயில் ஒட்டும், வயிற்றில் நிற்கும். நடுவில் வேண்டுமென்றால் பேரீச்சம்பழம் சௌகரியம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல் வந்தால் "வாயுவா இருக்கும்" என்று சோடா தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த அத்தியாயம் அரை மாரத்தான் அட்டவணை. அதற்குள் நுழையும் முன் ஒரு நோட்டு வாங்கி நான்கு வாரம் எழுதுங்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், தக்காளிச் சோதனையில் தேறினீர்களா, எங்கே வலித்தது, பத்துக்கு எத்தனை, எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரத் தூக்கம். அந்த நோட்டு கையில் இல்லாமல் அட்டவணையைத் தொடாதீர்கள்.